ஐந்தாவது கிண்ணத்துக்கு ஆசைப்படலாமா?

ஞாயிற்றுக்கிழமை கீதை வகுப்பு முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பேர் வழக்கம்போல வீராசாமி ரோடு பக்கத்தில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். தே தாரிக் வந்தது, பரோட்டா வந்தது, பேச்சு காற்பந்துக்குப் போனது. எங்கள் குழுவில் உயர்நிலை மூன்றில் படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் திடீரென்று கேட்டான்: “அண்ணே, சிங்கப்பூர் மறுபடியும் ஆசியான் கிண்ணம் ஜெயிக்குமா?”

நான் பொறியியல் மாணவன். ‘ஜெயிக்குமா, நடக்குமா’ என்று யாராவது கேட்டால் என் மூளை உடனே ஓர் எண்ணைத் தேடும். “பத்துக்கு ஒன்னு சொல்லலாம். அதுவே கொஞ்சம் தாராளம்” என்றேன்.

“அப்ப உங்களுக்கு ஆசை இல்லையா?”

நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பு நடத்தும் அண்ணன் சிரித்துவிட்டார். “டேய், ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி என்ன படிச்சோம்? பலன்ல கண்ணு வைக்காதேன்னு தானே? இப்ப கிண்ணத்தையே பிடிச்சிக்கிட்டுத் தொங்குறீங்க.”

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் புளோக்குக்குப் போக ஜாலான் புசார் சாலையைக் கடந்து, டைர்விட் ரோட்டில் இருக்கும் விளையாட்டரங்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 1929இல் திறந்த அரங்கம் அது, பிறகு இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். ஆறாயிரம் பேர் உட்காரலாம். சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் அலுவலகமும் அங்கேதான். 2012 டிசம்பர் 19ஆம் தேதி, தாய்லாந்துக்கு எதிரான இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு அப்பா என்னை அங்கே கூட்டிப் போனார். எனக்கு அப்போது எட்டு வயது. 3-1. மூன்று நாள் கழித்து பேங்காக்கில் 0-1 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 3-2 என்று கிண்ணம் நமக்கு வந்தது. அது நான்காவது கிண்ணம். அதோடு சரி, இன்று வரை ஐந்தாவது வரவில்லை.

அந்த அரங்கத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஐந்தாவது கிண்ணம் வேண்டும் என்று தோன்றும். இது தப்பா? கீதை படிக்கிறவன் இப்படி ஆசைப்படலாமா? சின்னப்பிள்ளைத்தனமான கேள்வி என்று சிலர் நினைக்கலாம். ஆனால் எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தச் சுலோகம். இரண்டாம் அத்தியாயம், 47ஆவது. கடமையைச் செய்துவிட்டுப் பலனை மறந்துவிடு என்று நாம் அதைச் சுருக்கி வைத்திருக்கிறோம். காலண்டரில் போடுகிறார்கள், ஆட்டோ முதுகில் எழுதுகிறார்கள். மூலத்தில் இருக்கும் சொல் ‘அதிகாரம்’. செயல்மேல் உனக்கு உரிமை உண்டு, விளைவின்மேல் உரிமை கொண்டாட முடியாது என்பதுதான் பேச்சு. அதே சுலோகத்தின் கடைசிப் பகுதியை நாம் யாரும் காலண்டரில் போடுவதில்லை: சும்மா இருப்பதன்மேலும் பற்று வைக்காதே என்று கண்ணன் சேர்த்துச் சொல்கிறான். சரியாகப் பத்துச் சுலோகம் முன்னால், 37இல், அதே கண்ணன் அர்ஜுனனிடம் செத்தால் சொர்க்கம், ஜெயித்தால் பூமி என்று இரண்டு பலன்களையும் கண்முன்னே காட்டுகிறான். நான் வகுப்பில் இதைக் கேட்டேன். “இது முரண்பாடு இல்லையாண்ணே?” அண்ணன், “அடுத்த சுலோகத்தைப் படி” என்றார். 38இல் வெற்றியையும் தோல்வியையும் ஒன்றாகப் பார்த்துப் போருக்கு எழு என்று வருகிறது. அதாவது ஜெயிக்க நினைக்காதே என்று அவன் எங்கும் சொல்லவில்லை. வில்லைக் கீழே போட்டவனை எடுக்க வைப்பதுதான் முழு வேலையும்.

இது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் விளையாட்டில் பலனைக் கத்தரித்துத் தனியே எடுத்து வைக்க முடியாது. பந்து வலைக்குள் போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்து உதைப்பவன் கோல் அடிக்க முயல்கிறான் என்றே சொல்ல முடியாது, காலை ஆட்டுகிறான், அவ்வளவுதான். எங்கள் படிப்பிலும் அப்படித்தான். பாலம் நிற்குமா விழுமா என்பதில் எனக்குப் பற்றில்லை என்று சொல்லும் பொறியாளரை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள், வைத்துக்கொள்ளவும் கூடாது. அப்படியானால் எந்த ஆசை சரி, எந்த ஆசை கோணல்?

இதற்கு ஒரு பழைய ஆட்டம் எனக்கு உதவியது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது.

1998, வியட்நாம். அப்போது இந்தப் போட்டிக்குப் பெயர் டைகர் கிண்ணம். ஆகஸ்ட் 31ஆம் தேதி ஹோ சி மின் நகரில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மோதின. பிரிவுச் சுற்றின் கடைசி ஆட்டம். இரண்டு அணிகளும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டன. ஜெயித்து முதலிடம் பிடிப்பவர்கள் ஹனோய்க்குப் பறந்து போய், சொந்த மண்ணில் ஆடும் வியட்நாமைச் சந்திக்க வேண்டும். தோற்பவர்கள் அங்கேயே இருந்து சிங்கப்பூருடன் ஆடலாம். அன்றைக்குச் சிங்கப்பூர் என்றால் எல்லாருக்கும் அல்வா மாதிரி. ஒரு கிண்ணம்கூட ஜெயித்ததில்லை.

விளைவு என்ன தெரியுமா? இரண்டு அணிகளும் தோற்கப் போட்டி போட்டன! ஏனோதானோவென்று ஆடி, கடைசிக் கட்டத்தில் 2-2 என்று நின்றது. சமமாக முடிந்தால் இந்தோனேசியாதான் முதலிடம், அதாவது ஹனோய். கடைசி நிமிடத்தில் இந்தோனேசியாவின் முர்ஷித் எஃபெண்டி பந்தைத் திருப்பித் தன் சொந்த வலைக்குள்ளேயே அடித்தார். அதைத் தடுக்கத் தாய்லாந்து ஆட்டக்காரர்கள் முயன்றார்கள் என்பதுதான் இன்னும் கொடுமை. எதிரணி வலையைக் காப்பாற்ற ஓடியிருக்கிறார்கள். 3-2, தாய்லாந்து ‘வெற்றி’. இரண்டு சங்கங்களுக்கும் தலா 40,000 அமெரிக்க டாலர் அபராதம். எஃபெண்டிக்கு அனைத்துலக ஆட்டங்களில் வாழ்நாள் தடை.

பிறகு நடந்ததுதான் சிங்கப்பூரர்களுக்கு இனிப்பான பகுதி. தாய்லாந்தை வியட்நாம் 3-0 என்று வீழ்த்தியது. அல்வா என்று தேர்ந்தெடுத்த சிங்கப்பூரிடம் இந்தோனேசியா 2-1 என்று தோற்றது. செப்டம்பர் 5, ஹனோயில் இறுதியாட்டம். இரண்டாம் பாதியில் ஆர். சசிகுமார் மேலே பட்ட பந்து வலைக்குள் போனது. தலையில் இல்லை, காலில் இல்லை, முதுகுப்பக்கம் தோளில் பட்டு! 1-0. நம் முதல் கிண்ணம். ‘கடவுளின் தோள்’ என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

அப்பா இந்தக் கதையை முடிக்கும்போது எப்போதும் ஒரு வார்த்தை சேர்ப்பார்: “பாத்தியா, கர்மா!” நானும் பல வருஷம் அப்படியே நம்பினேன். ஏமாற்றியவன் தோற்றான், எளியவன் ஜெயித்தான், கணக்கு நேராகிவிட்டது.

இப்போது எனக்கு அந்த முடிவில் சம்மதமில்லை. தாய்லாந்து ஹனோயில் ஜெயித்திருந்தால்? இந்தோனேசியா நம்மை அடித்து, கிண்ணத்தையும் தூக்கியிருந்தால்? அப்போது அந்தச் சொந்த வலை கோல் சரியாகிவிடுமா? தண்டனை கிடைத்ததால்தான் அது தப்பு என்றால், தண்டனை கிடைக்காத தப்பெல்லாம் நல்ல திட்டம் என்று ஆகிவிடும். கர்மாவை நாம் இப்படி ஸ்கோர்போர்டு மாதிரி பயன்படுத்துவது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. அதுவும் பலனைப் பார்த்துத்தான் செயலுக்கு மார்க் போடுகிறது. எந்தச் சுலோகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறோமோ அதற்கே நேர் எதிர்.

எனக்கு இது ஏன் தெரியும் என்றால், நான் செய்த தப்புக்குத் தண்டனை கிடைக்கவில்லை. கிண்ணம் கிடைத்தது.

போன வருஷம், விடுதிகளுக்கு இடையே ஃபுட்சால் போட்டி. பிரிவுச் சுற்றின் கடைசி ஆட்டம். நாங்கள் ஏற்கெனவே அரையிறுதிக்குப் போயாச்சு. எதிரணி முழுக்க முதலாண்டு மாணவர்கள், எல்லா ஆட்டமும் தோற்று வெளியேறியவர்கள். இடைவேளையில் 1-1. நான் கைப்பேசியில் மற்றப் பிரிவின் முடிவைப் பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் கணக்குப் போட்டேன். ஜெயித்தால் நாங்கள் முதலிடம். அந்தப் பக்கம் எதிர்பாராமல் சறுக்கி இரண்டாவதாக வந்த பலமான அணி எங்களுக்கு வரும். டிரா என்றால் இரண்டாமிடம், சுலபமான அணி. “டிரா போதும் லா” என்று கேப்டனிடம் சொன்னவன் நான். அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு சரி என்றான்.

இரண்டாம் பாதி முழுக்கப் பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பையன்கள் மட்டும் ஓடி ஓடித் துரத்தினார்கள். ஒரு கட்டத்தில் பந்து என்னிடம் வந்தபோது முன்னால் யாரும் இல்லை. கோல்கீப்பர்கூட ஓரமாக நின்றார். நான் திரும்பிப் பின்னால் பாஸ் செய்தேன். என்னைத் துரத்தி வந்த பையன் அப்படியே நின்றுவிட்டான். மூச்சு வாங்கிக்கொண்டே, “வாட் ஆர் யூ டூயிங், ப்ரோ?” என்று கேட்டான். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

1-1. அரையிறுதியில் ஜெயித்தோம். இறுதியில் பெனால்டியில் ஜெயித்தோம். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம். அந்தப் பையனின் கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கேப்டன் இன்றைக்கும் இது வெறும் உத்தி என்றுதான் சொல்வான். 1-0 என்று முன்னணியில் இருக்கும் அணி பின்னால் நின்று தடுப்பதில்லையா? லீக்கில் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுப்பதில்லையா? இதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். எல்லைக்கோடு எங்கே என்று என்னால் அங்குலக் கணக்கில் காட்ட முடியாது. ஆனால் தடுத்து ஆடுகிறவன் எதிரே இருப்பவனுக்கு ஓர் ஆட்டத்தைக் கொடுக்கிறான்: வா, முடிந்தால் உடைத்துப் பார். நான் அந்தப் பையனுக்கு எதையும் கொடுக்கவில்லை. அவனுக்கு அந்தப் போட்டியில் மிச்சம் இருந்தது அந்த ஓர் ஆட்டம்தான். அதையும் நான் என் அரையிறுதிக்கான சில்லறையாக மாற்றிக்கொண்டேன்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் பூப்பந்து இரட்டையர் பிரிவில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். சீனா, இந்தோனேசியா, தென்கொரியாவின் இரண்டு ஜோடிகள் என்று நான்கு ஜோடிகளை வெளியேற்றினார்கள். அடுத்த சுற்றில் வசதியான எதிராளி வேண்டும் என்று வேண்டுமென்றே சர்வீஸை வலையில் அடித்தார்கள். அரங்கமே கூச்சலிட்டது. அந்தக் காணொளியை முதன்முதலில் பார்த்தபோது ‘என்ன ஜென்மங்கள்’ என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் எனக்கு அவர்களுடைய முகங்கள்தான் தெரிகின்றன. பல வருஷம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்தவர்கள் அவர்கள். தங்கத்தை மிகவும் விரும்பியவர்கள். தங்கத்தின்மேல் இருந்த அந்த விருப்பம், கையில் இருந்த மட்டையையே கட்டிப்போட்டுவிட்டது.

இங்கேதான் எனக்கு அந்தச் சுலோகம் ஓரளவு பிடிபட்டது. கிண்ணத்தின்மேல் உள்ள ஆசை அளவு மீறினால் ஆட்டத்தின்மேல் உள்ள ஆசை செத்துவிடுகிறது. ஹோ சி மின் நகரில் அன்று 22 பேரும் சாம்பியன் ஆக ஆசைப்பட்டார்கள், ஒருவர்கூட அந்த ஆட்டத்தை ஜெயிக்க ஆசைப்படவில்லை. பலன் செயலையே தின்றுவிட்டது. கண்ணன் சொன்ன ‘சும்மா இருப்பதன்மேல் பற்று’ என்பது தியானத்தில் தூங்குகிறவனைப் பற்றியது என்று முன்பு நினைத்திருந்தேன். திறந்த வலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய என்னைப் பற்றியும்தான் போல.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஜெயிக்குமா?

2012க்குப் பிறகு ஆறு போட்டிகள். 2014, 2016, 2018, 2022 நான்கிலும் பிரிவுச் சுற்றோடு வெளியே. 2020 போட்டி கொரோனாவால் தள்ளிப்போய் 2021 டிசம்பரில் இங்கேயே நடந்தது. அரையிறுதியில் இந்தோனேசியாவிடம் எட்டுப் பேராகக் குறைந்து, கூடுதல் நேரத்தில் தோற்றோம். அந்த இரவு தோற்றவர்களைத்தான் ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடியது என்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் வியட்நாமுடன் அரையிறுதி. மொத்தத்தில் 1-5. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பத்துக்கு ஒன்று என்பதற்கு மேல் எந்தப் பொறியியல் மாணவனும் சொல்ல மாட்டான். வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றின் மக்கள்தொகையைக் கேட்டாலே நமக்குத் தலை சுற்றும்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 நவம்பர் 18, ஹாங்காங்கின் கைதாக் அரங்கம். முதலில் கோல் வாங்கிப் பின்தங்கி, இரண்டாம் பாதியில் ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் நான்கைந்து நிமிட இடைவெளியில் ஆளுக்கொன்று அடிக்க, 2-1. ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றுக்குத் தகுதி. 1984இல் நாம் ஏற்று நடத்தியதால் ஆடினோம். ஆடித் தகுதி பெற்றது இதுதான் முதல் தடவை. பயிற்றுநர் கேவின் லீ உள்ளூர்க்காரர், வயது முப்பதுகளில். அந்த ஆட்டத்துக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு சின்ன எண்ணைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆக எனக்கு ஆசை இருக்கிறது. எப்படியாவது என்ற ஆசை மட்டும் வேண்டாம். அண்டை நாட்டில் என்ன நடந்தது என்று பார்த்தோம். வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் பாட்டன் பாட்டி ஆவணங்கள் போலி என்று 2025 செப்டம்பரில் ஃபிஃபா தண்டனை விதித்தது. அதைப் பார்த்து நாம் இங்கே சிரித்துக்கொள்வது நல்லதில்லை, ஆசை முற்றினால் யாரும் அந்த வழியில் போகலாம். (வெளியிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர்கள் ஆடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அலெக்சாண்டர் டியூரிச், முஸ்தாஃபிச், டேனியல் பென்னட் இல்லாமல் நம் கிண்ணங்களை நினைக்கவே முடியாது. கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப்பேரன் நான், எனக்கு அந்த வாதம் பேசத் தகுதியும் இல்லை.)

2024 டிசம்பர் 26, வியட்நாமுடனான அந்த அரையிறுதியின் முதல் ஆட்டம் இங்கே ஜாலான் புசாரில்தான் நடந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே அரங்கத்தில் அப்பாவும் நானும். தொண்ணூறு நிமிடம் முடிந்தும் 0-0. கூடுதலாகச் சேர்த்த நேரம் போய்க்கொண்டே இருந்தது. நூறாவது நிமிடம் தாண்டி ஒரு பெனால்டி, கோல். அடுத்து இன்னொன்று. 0-2. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். “போலாம்பா” என்றேன். அப்பா நகரவில்லை. ஆட்டக்காரர்கள் ரசிகர்கள் பக்கம் வரும் வரை நின்று கைத்தட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. “எதுக்குப்பா கைத்தட்டுறீங்க, தோத்துட்டாங்க” என்றேன். “அது தெரியுது” என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஃபுட்சால் போட்டி அதற்குப் பிறகுதான் நடந்தது. அந்தப் பதக்கத்தை வீட்டில் காட்டியபோது அப்பா ஒவ்வோர் ஆட்டமாக எப்படிப் போனது என்று ஆசையாகக் கேட்டார். 1-1 ஆட்டம் வந்ததும் “டிரா” என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குத் தாவினேன்.

இந்தக் கட்டுரைக்காக அப்பாவிடம் போன வாரம் முழுதும் சொன்னேன். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பசங்க பேரு தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அடுத்த ஞாயிறு அதே காப்பிக்கடையில் தம்பியிடமும் சொன்னேன். பத்துக்கு ஒன்று என்பது இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஆசை இருக்கிறதா என்று கேட்டாயே, இருக்கிறது, ரொம்பவே இருக்கிறது என்றேன். பிறகு ஃபுட்சால் கதை. முழுக்கக் கேட்டுவிட்டு அவன் ஒரே கேள்விதான் கேட்டான்.

“மெடலைத் திருப்பிக் கொடுத்துட்டீங்களாண்ணே?”

இல்லை. மேசை டிராயரில்தான் இருக்கிறது.